என்ன கேட்டாலும் ஓகே அமத்துங்கோ

அந்தச் சேர்வர் கணினி எங்கள் அலுவலகத்தில் வந்து இறங்கிய நாளிலிருந்து மூன்று கிழமை நான் ஆறுதலாக ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. ஊர்காவற்றுறையில் ஓர் அரச அலுவலகம். பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்தவர்கள் பலர் இன்றும் என்னைக் கண்டால் நின்று கதைப்பவர்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. நான் கரம்பொன்னிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். யாழ்ப்பாணத்தில் ஆறு மாதம் கணினி படித்த சான்றிதழ் ஒன்று என்னிடம் இருந்தது. அதை நம்பி என்னை எடுத்தார்கள். எடுத்த நாள் தொடக்கம் அலுவலகத்தில் எனக்குப் பெயர் 'கொம்பியூட்டர் பிள்ளை'. கணினி ஓடாவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள், மேலே மின்விசிறி கரகரத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அங்கே நான்கு பழைய கணினிகள் இருந்தன. எங்கிருந்தோ கழித்து அனுப்பியவை. அவை அடிக்கடி திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும். பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வசனமும் கீழே 'ஓகே' என்று ஒரு பொத்தானும் இருக்கும். பெட்டி வந்தவுடன் எங்கள் ஆட்கள் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு "பிள்ளை!" என்று கூப்பிடுவார்கள். நான் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இராது. ஓகேயை அமத்திவிட்டு வந்து கதிரையில் இருக்க அடுத்த மேசையில் "பிள்ளை!" என்பார்கள். ஒரு நாள் காலையில் மட்டும் பதினொரு தரம் எழும்பினேன். பன்னிரண்டாம் தரம் கூப்பிட்டபோது இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்:

"அது என்ன கேட்டாலும் ஓகே அமத்துங்கோ! நெடுக நெடுக என்னைக் கூப்பிட வேண்டாம்!"

அதன் பிறகு அலுவலகம் அமைதியாகிவிட்டது. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் முக்கியமான வேலை வதிவிடச் சான்றிதழ். கிராம அலுவலரான விதானையாரின் கடிதத்தோடு ஆட்கள் வருவார்கள். யன்னலோர மேசையில் இருந்த இலிகிதர் விபரங்களைப் பழைய கணினி ஒன்றில் அடிப்பார். நம்பர் போட்ட படிவத்தில் ஊசி பிரிண்டர் கர்ரு கர்ரென்று அச்சடிக்கும். பிரதம இலிகிதர் ஐயா கையெழுத்து வைப்பார். சான்றிதழ் அடிக்கும் கணினி நிரலில் பழைய முறைத் தமிழ் எழுத்துகள் இருந்தபடியால் அது பழைய கணினிகளில் மட்டும்தான் ஓடும். பிரிண்டர் ஒரு கணினியோடு நேரே கம்பியால் இணைத்திருந்தது. மற்றவை அதனூடாக அனுப்பும். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும்.

அப்போதுதான் யாழ்ப்பாணத்துத் தலைமைப் பணிமனையிலிருந்து இரண்டு புதுக் கணினிகளும் ஒரு சேர்வரும் வந்தன. இனிமேல் எல்லாத் தாளும் சேர்வருக்குப் போக வேண்டும், சேர்வர் அவற்றை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்குக் கொடுக்கும் என்றார்கள். கூட வந்த பொறியியலாளர் கண்ணாடி அறைக்குள் சேர்வரை வைத்தார். ஊசி பிரிண்டரைக் கழற்றிக்கொண்டுபோய் அதோடு இணைத்தார். இணைப்பின் மேல் ஒரு சிவப்புத் துண்டு ஒட்டினார்: 'தொடாதீர்கள்.' புதுக் கணினிகள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு தாள் அடித்துக் காட்டினார். எல்லோருக்கும் சந்தோஷம்.

"பழையதுகளையும் ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ" என்றேன்.

"அதுகள் தன்ர பாட்டில வேலை செய்யும், மிஸ்" என்றார். அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அதுகள் வேலை செய்யவில்லை. நான்கில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

அடுத்த நாள் காலை அனலைதீவிலிருந்து ஒரு அக்கா வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். சேலைக் கரை முழங்கால் மட்டும் உப்புத்தண்ணீரில் நனைந்திருந்தது. தீவுப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருடமாகத் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பிப்பவர். நியமனம் இல்லை, சம்பளம் என்று சொல்லக்கூடியதும் இல்லை. இப்போது நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டார். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது வதிவிடச் சான்றிதழைக் காட்ட வேண்டும், அது விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. முடிவுத் திகதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும் என்பதையும் அவரே சொன்னார். யாரும் கேட்கவில்லை, தானாகச் சொன்னார்.

"ரெண்டு மணிக்குப் படகு, அண்ணை. அதுக்குள்ள கிடைக்குமோ?"

"ஏன் கிடைக்காது? இருங்கோ" என்றார் யன்னலோர இலிகிதர். அடித்தார், பிரிண்டுக்குப் போட்டார். பெட்டி ஒன்று வந்தது. ஓகேயை அமத்தினார். பிரிண்டர் அசையவில்லை. மறுபடி போட்டார், பெட்டி வந்தது, ஓகே. மூன்றாம் தரமும் அப்படியே. எங்கள் அலுவலகத்தில் தாள் வராவிட்டால் மூன்று தரம் போடுவது வழக்கம். அக்கரைக்குப் போன வள்ளத்தைக் கூப்பிடுகிற மாதிரி, கேட்கும்வரைக்கும் கூப்பிடுவார்கள். பிறகுதான் என்னிடம் வந்தார்.

நான் கண்ணாடி அறைக்குள் போய்ச் சேர்வரின் வரிசையைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

"ஒண்டும் வரேல்லை அண்ணை. நீங்கள் அனுப்பேல்லை."

"மூண்டு தரம் அனுப்பினனான் பிள்ளை."

"அனுப்பியிருந்தால் இஞ்ச வரிசையில நிக்கும். நிக்கேல்லை. அப்ப அனுப்பேல்லை."

என்னைவிட இருபத்தைந்து வயது மூத்த மனிதர். கோபத்தில் முகம் சிவந்தது, மூன்று விரலை நீட்டிக் காட்டினார். நானும் விடவில்லை. படித்தவள் நான், சேர்வர் வெறுமை என்கிறது, வேறென்ன வேண்டும்?

அக்கா ஒன்றரை மணிவரை சுவரோரமாகக் கிடந்த நீள வாங்கில் இருந்தார். பிறகு, வருகிறவர்கள் பெயர் பதியும் கொப்பியில் கையெழுத்து வைத்துவிட்டு இறங்குதுறைக்கு நடந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் இதே கதை. வருவார்கள், இலிகிதர் அடிப்பார், மூன்று தரம் போடுவார், தாள் வராது. 'நாளைக்கு வாங்கோ' என்று அனுப்பிவிடுவோம். பிரிண்டரைக் கழற்றிப் பழையபடி இணைக்கிறேன் என்று பிரதம இலிகிதர் ஐயாவிடம் கேட்டேன். அவர் மேலிடத்துக் கடிதத்தை மீறாத மனிதர். எந்த அலுவலானாலும் அதற்கொரு கடிதம் அவருடைய அலுமாரியில் இருக்கும்.

"சிவப்புத் துண்டு ஒட்டிக் கிடக்கு, பிள்ளை. கழட்டினால் பொறுப்பு ஆர்?"

"அப்ப கையால எழுதிக் குடுங்கோ ஐயா."

"கையெழுத்துப் பிரதி இனி ஏற்கேலாது எண்டு கடிதம் வந்திருக்கு. காட்டட்டோ?"

காட்ட வேண்டாம் என்றேன். ஆனாலும் எடுத்துக் காட்டினார்.

பொறியியலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். "அது பழைய மெஷின், மிஸ். மாத்தச் சொல்லுங்கோ" என்றார். ஆரிடம் சொல்வது, ஆர் மாற்றுவது? அதைக் கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. இரண்டாம் முறை எடுத்தபோது அவர் லீவு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நாள் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் குந்தியிருந்து தெரிந்ததையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன், கணினியின் பெயரை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சேர்வரின் வரிசையைப் பார்ப்பேன். துடைத்து வைத்ததுபோல வெறுமையாக இருக்கும்.

இரண்டாம் கிழமை அந்த அக்கா மறுபடி வந்தார். முடிவுத் திகதி போய்விட்டது. இப்போது அடித்தாலும் நிரல் தானாக இன்றைய திகதியைத்தான் போடும். அவர் பிரதம இலிகிதர் ஐயாவின் மேசைக்கு நேரே போனார்.

"ஐயா, நான் அண்டைக்கே வந்தனான். கொப்பியில கையெழுத்தும் வைச்சிருக்கிறன். உங்கட மெஷின் வேலை செய்யாததுக்கு நான் என்ன செய்யிறது? அண்டைய திகதியைப் போட்டுத் தாங்கோ."

"உம்மட நியாயம் விளங்குது, தங்கச்சி. ஆனால் போன திகதி போட ஏலாது. அது கள்ளம்."

நான் மெல்ல அவர் பக்கத்தில் குனிந்து, கணினியின் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பி வைத்தால் நிரல் பழைய திகதியைப் போடும் என்றேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"அதுவும் கள்ளந்தான். கொம்பியூட்டர் செய்தால் கள்ளமில்லை எண்டு நினைக்கிறீரோ?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த நேரம் அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அக்கா குடையை எடுத்தார். பிறகு, நேர்முகத் தேர்வு அடுத்த கிழமை புதன்கிழமை, செவ்வாய் திரும்ப வருகிறேன், எந்தத் திகதியாவது போட்டு ஒரு தாளாவது தாருங்கள், காட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மூன்றாம் முறையாகத் தலைமைப் பணிமனைக்கு எடுத்தேன். இம்முறை வேறு யாரோ ஒரு பெண் எடுத்தாள். நான் பாதி சொல்லுமுன்னே, "பழைய கணினிகளுக்கெண்டு சேர்வரில தனியா ஒரு பகுதி இருக்கு. அதைப் போடாமல் விட்டிருப்பினம். சீடியிலதான் இருக்கு, வந்து எடுங்கோ" என்றாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு கிழமையாக நான் செத்துக்கொண்டிருந்ததற்கு இரண்டே நிமிடத்தில் பதில்.

அந்தக் கிழமை எனக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமைதான் அரை நாள் தந்தார்கள். பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்ச் சீடியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். வழியில் சோதனைக்கு இறங்கியபோது ஆமிக்காரன் பையிலிருந்து சீடியை எடுத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான்.

"படமா? தமிழ்ப் படம்?"

"படமில்லை. ஒபிஸ் சாமான்."

நம்பிக்கையில்லாமல் திருப்பித் தந்தான். பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் அதில் அவன் விரல் பட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன், ஒரு கீறல் விழுந்தால் எல்லாம் போச்சு என்று.

செவ்வாய் காலை எட்டரைக்கே கண்ணாடி அறைக்குள் போய்விட்டேன். சீடியைப் போட்டேன். பட்டியல் ஒன்று வந்தது. அதில் பழைய கணினிகளுக்கான பகுதிக்கு முன்னால் ஒரு சின்னச் சதுரம். அந்தச் சதுரத்தில் ஒரு சரி அடையாளம் போட வேண்டும். அவ்வளவுதான். சரி போட்டேன். பொறியியலாளரை மனதுக்குள் நான் ஏசிய ஏச்சை இங்கே எழுத ஏலாது.

பத்து மணிக்கு அக்கா வந்துவிட்டார். வாங்கில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் காலையில் யாழ்ப்பாணத்தில் நேர்முகத் தேர்வு. எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். படிவப் பெட்டியில் கடைசியாக நாற்பது ஐம்பது படிவம்தான் கிடந்தது, புதுப் பெட்டி வர ஒரு மாதம் ஆகும். நம்பர் போட்ட படிவம் என்பதால் ஒன்று வீணானாலும் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். "கவனம் பிள்ளை, கவனம்" என்று பிரதம இலிகிதர் ஐயா மூன்று தரம் சொன்னார்.

யன்னலோர இலிகிதரின் கணினிக்குப் போனேன். பிரிண்டரின் சின்னம் மங்கலாகத் தெரிந்தது. அதை மவுஸால் அமத்தியபோது ஒரு பட்டியல் விரிந்தது. அதில் 'இணைப்பில் இல்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி கிடந்தது. இதை நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. நான்தான் எந்நேரமும் சேர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேனே. அந்தச் சரியை எடுத்தேன்.

கண்ணாடி அறைக்குள் பிரிண்டர் கத்தத் தொடங்கியது.

யாரும் ஒன்றும் அனுப்பவில்லை. இலிகிதரின் இரண்டு கையும் அவருடைய மடியில் இருந்தன. ஆனால் பிரிண்டர் அடித்துக்கொண்டே போனது. முதல் தாள் வெளியே வந்தது, இரண்டாவது தலையை நீட்டியது.

"நிப்பாட்டும்! நம்பர் படிவம்! நிப்பாட்டும் பிள்ளை!" பிரதம இலிகிதர் ஐயா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

ஓடிப்போய்ப் பிரிண்டரின் சுவிட்சில் கை வைத்தேன். எனக்குப் பின்னால் வந்த இலிகிதர் தாளை இழுத்துப் பார்த்துவிட்டு என் கையைத் தட்டிவிட்டார். அதற்கு முன் அவர் என்மேல் கை பட நின்றதே இல்லை.

"நிப்பாட்டாதையும்! இது அந்தத் தங்கச்சின்ர!"

மூன்று படிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்றிலும் அக்காவின் பெயர். மூன்றிலும் அவர் முதல்முதல் வந்த நாளின் திகதி. நான்காவதாக வேறொருவருடைய பெயர் வரத் தொடங்கியபோது சுவிட்சை அணைத்தேன்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சேர்வரை எட்ட முடியாவிட்டால் அந்தப் பழைய கணினி ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கும்: பிரிண்டர் கிடைக்கவில்லை, கிடைக்கும்வரை தாளை என்னிடமே வைத்திருக்கட்டுமா? எங்கள் ஆட்கள் ஓகே என்றிருக்கிறார்கள். ஒவ்வொரு தாளுக்கும் மூன்று தரம் ஓகே என்றிருக்கிறார்கள். அதுவும் சொன்னபடி அத்தனையையும் வைத்திருந்தது. இலிகிதர் ஒவ்வொரு முறையும் அனுப்பித்தான் இருந்தார். நான்தான் இல்லை என்று சாதித்தேன்.

பிரதம இலிகிதர் ஐயா தாளைக் கையில் எடுத்துத் திகதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மணிக்கூட்டைத் திருப்பினனீரோ?"

"இல்லை ஐயா. சத்தியமா இல்லை. இது அண்டைக்கு அடிச்சது."

வந்தவர்களின் கொப்பியை எடுத்துவரச் சொன்னார். பக்கத்தைப் புரட்டி அன்றைய நாளில் அக்காவின் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். மற்றக் கையில் தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா வாங்கிலிருந்து எழும்பி மேசைக்குக் கிட்ட வந்திருந்தார். ஐயா பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார், முத்திரை குத்தினார்.

"கையெழுத்துக்குக் கீழ திகதி போட வேணுமெண்டு ஒரு கடிதத்திலயும் இல்லை" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

அக்கா தாளை இரண்டு கையாலும் வாங்கினார். போகத் திரும்பியவர் நின்று என்னைப் பார்த்தார்.

"அப்ப இது அண்டைக்கே உதுக்குள்ள கிடந்ததோ, தங்கச்சி?"

"ஓம் அக்கா."

"பிறகேன் வரேல்லை எண்டு சொன்னனீங்கள்?"

பொய் சொல்லியிருக்கலாம். சேர்வர் பழுது என்றிருந்தால் நம்பியிருப்பார். இலிகிதர் பக்கத்தில் நின்றார், அவருக்காகவும்தான் சொன்னேன்.

"ஒரு பெட்டி வந்து, தாளை வைச்சிருக்கட்டோ எண்டு கேட்டிருக்கு. இவை ஓகே அமத்தியிருக்கினம். என்ன கேட்டாலும் ஓகே அமத்தச் சொல்லிக் குடுத்தது நான்தான், அக்கா."

அவர் தாளைக் கவனமாக மடித்தார்.

"வாசிக்காமலோ?" என்று மட்டும் கேட்டார்.

அவர் பதிலுக்கு நிற்கவில்லை, படகுக்கு நேரம் இருந்தபோதும் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பின்னேரம் வீணான மூன்று படிவங்களுக்கும் காரணம் எழுதினேன். காரணம் என்ற கட்டத்துக்குள் என்ன எழுதுவது என்று ஐயாவிடம் கேட்டேன். "பிரிண்டர் பழுது எண்டு எழுதும்" என்றார். பிரிண்டர் ஒரு நாளும் பழுதாக இருக்கவில்லை. ஆனாலும் பிரிண்டர் பழுது, பிரிண்டர் பழுது என்று எழுதிக் கீழே என் கையெழுத்தை வைத்தேன். யன்னலோர இலிகிதரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நான்கு மணிக்கு அவர் தன் தேநீரில் பாதியை என் கோப்பைக்குள் ஊற்றிவிட்டுப் போனார். அதன் பிறகு கேட்க வாய் வரவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா மறுபடி வந்தார். நல்ல சேலை, கையில் புதுப் பை. நியமனக் கடிதம் கிடைத்துவிட்டது, நெடுந்தீவில் பள்ளிக்கூடம். அதன் பிரதியை உறுதிப்படுத்தவும் இன்னொரு சான்றிதழ் எடுக்கவும் வந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டதும் உள்ளே ஏதோ இளகிவிட்டது.

இலிகிதர் விபரங்களை அடித்தார், பிரிண்டுக்குப் போட்டார். திரையில் பெட்டி ஒன்று வந்தது. அவருடைய விரல் பழக்கத்தில் ஓகேக்குப் போனது.

"அண்ணை" என்றார் அக்கா, மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி. "முதல் அதை வாசியுங்கோ."

இலிகிதரின் விரல் நின்றுவிட்டது. திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு தலையைத் திருப்பி அறைக்குக் குறுக்கால் என்னைப் பார்த்தார். நான் கத்தியதற்குப் பிறகு முதல் தடவையாக ஒரு பெட்டிக்காகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதில என்ன எழுதிக் கிடக்கு?"

எழும்பிப் போய் ஒவ்வொரு சொல்லாக வாசித்துத் தமிழில் சொன்னேன். பிரிண்டரில் தாள் முடிந்துவிட்டது என்றுதான் எழுதியிருந்தது.